பூந்தொட்டிக்குப் போன காபி

நேற்று காபித்தூள் வாங்கத் திருப்பதிக்குப் போயிருந்தேன். திரும்பும்போது பஸ் சிக்னலில் நின்றது. என் ஜன்னலுக்கு நேரே அந்தப் பெரிய ஓட்டல். அதே கண்ணாடிக் கதவு, வாசலில் அதே மாதிரி தொப்பி வைத்த ஆள், பக்கத்தில் அதே பித்தளைப் பூந்தொட்டி. செடியை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். மடியிலிருந்த தூள் பொட்டலம் அரைத்த சூடு ஆறாமல் மணந்துகொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து சீட்டு அம்மா என்ன சிரிப்பு என்று தெலுங்கில் கேட்டார். அந்தத் தொட்டிக்கு நாங்கள் ஒரு முறை காபி ஊற்றினோம், அதுவும் உலகத்திலேயே விலை கூடிய காபி என்று நானும் தெலுங்கில் சொன்னேன். அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

நீ இருந்தவரை உனக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. அடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கிற சிநேகிதிக்கு யார் கடிதம் எழுதுவார்கள்? அதுவும் நாம் நகரியில் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவர்கள். அடுத்த தெருவில் இருப்பவரைக்கூட நின்ற இடத்திலிருந்தே கூப்பிட்டுப் பழகிய தொண்டை. இப்போது எவ்வளவு கத்தினாலும் உனக்குக் கேட்காது என்பதால் எழுதுகிறேன்.

புத்தூரில், எலும்பு முறிந்தவர்கள் கட்டுப் போட்டுக்கொள்ள வந்து இறங்கும் சாலையில் நம் கடை. நகரியிலிருந்து முதல் பஸ்ஸில் இருவரும் வந்து ஷட்டரைத் தூக்குவோம். மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கையோடு வருகிறவர்களுக்கு டம்ளரைப் பிடித்துப் புகட்டுவதும் நம் வேலைதான். பால் என் பொறுப்பு, டிகாஷன் உன் பொறுப்பு. தூள் பொட்டலத்தைப் பிரிக்காமலே மூக்கில் வைத்து, "இது நேத்து அரச்சது. இன்னிக்கு அரச்சதுன்னு சொல்லிக் குடுத்துகீறான்" என்பாய். அடுத்த முறை போகும்போது கேட்டால் தூள் கடைக்காரர் அசடு வழிவார். உன் மூக்குக்கு அந்த ஊரில் அவ்வளவு பயம் இருந்தது.

கடை திறந்ததும் கலக்குகிற முதல் டம்ளர் யாருக்கும் கிடையாது. அவசரக்காரர், போலீஸ்காரர், வலியில் துடிக்கிறவர், யாராக இருந்தாலும் சரி. அதை நீ வாசலுக்கு எடுத்துப்போய் ரோட்டோரம் ஊற்றிக் கும்பிட்டுவிட்டு வந்த பிறகுதான் போணி. நம் பக்கத்து டீக்கடைகளில் பலரும் செய்வதுதான். ஆனால் மற்றவர்கள் பேருக்கு நாலு சொட்டு சிந்துவார்கள். நீ முழு டம்ளரையும் கவிழ்ப்பாய். "சாமிக்கி குடுக்கறதுல இன்னாமே சிக்கனம்?" என்பாய். பாலை விலை கொடுத்து வாங்குகிற எனக்கு வயிறு தினமும் எரியும். அது உனக்கும் தெரியும்.

எல்லாரும் முகமூடி போட்டுத் திரிந்த அந்த வருஷம் இருவருக்கும் காய்ச்சல் வந்தது. எனக்கு ஒரு வாரத்தில் வாசனை திரும்பியது. உனக்குத் திரும்பவில்லை. கடையை மறுபடி திறந்த அன்று டிகாஷன் பாத்திரத்துக்குள் மூக்கை வைத்துவிட்டு, "தூள்ல ஒண்ணுமே இல்லமே" என்றாய். எனக்கு நன்றாக மணந்தது. நீ பெருங்காய டப்பாவைத் திறந்து முகர்ந்தாய். கற்பூரத்தை முகர்ந்தாய். என் புடவைத் தலைப்பை இழுத்து முகர்ந்தாய். பிறகு அடுப்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாய்.

தானாக வரும், பொறுத்திருங்கள் என்றார் டாக்டர். ஒரு வருஷம் போயிற்று. இன்னொன்றும் போயிற்று. நாக்கில் உப்பும் இனிப்பும் கசப்பும் மட்டும்தான் உனக்குத் தெரிந்தன. "எத துன்னாலும் நூல துன்ற மாதிரி கீது" என்று ஒரே ஒரு நாள் சொன்னாய். மூக்கு போன காபிக்காரி என்று தெரிந்தால் யார் வருவார்கள் என்று பயந்து, யாருக்கும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாய். அதனால் நமக்குள் ஒரு ஏற்பாடு. பாத்திரத்தின் மேல் முகர்வது போல் குனிவது நீ, முகர்வது நான். நான் புருவத்தைத் தூக்கினால் சரியாக இருக்கிறது, உதட்டைப் பிதுக்கினால் இன்னும் தூள் போட வேண்டும். வியாபாரம் கெடவில்லை. ஆனால் நீ இளைத்துக்கொண்டே போனாய். சோற்றை அளைந்துவிட்டு அப்படியே மூடி வைத்தாய். நீ ஒரே ஒரு வாய் ரசித்துத் தின்பதைப் பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது எனக்கு.

அந்தச் சமயத்தில்தான் குடகுப் பக்கத்துக் காபித் தோட்டத்து மேஸ்திரி ஒருவர் மணிக்கட்டு முறிந்து வந்தார். மனிதர் நம் கடையில் டம்ளரை நான் பிடிக்கக் குடித்துக்கொண்டே புனுகுப்பூனைக் காபியைப் பற்றிச் சொன்னார். நன்றாகப் பழுத்த காபிப் பழமாகப் பொறுக்கிப் பூனை தின்னுமாம். கொட்டை அதன் எச்சத்தோடு வெளியே வருமாம். அதைக் கழுவிக் காயவைத்து வறுப்பார்களாம். "வறுத்தா ஊருக்கே மணக்கும். செத்தவன் மூக்குகூடத் தொறக்கும்மா" என்றார்.

நீ வாயைப் பொத்திக்கொண்டாய். "பூன பேண்டதயா துட்டு குடுத்து குடிக்கிறாங்க?"

எனக்கு மேஸ்திரி சொன்ன கடைசி வார்த்தை பிடித்துக்கொண்டது. "மலமேல சாமிக்கே வெள்ளிக்கெழம புனுகு சாத்துறாங்க. அதுவும் அந்தப் பூனகிட்ட வந்ததுதானே?" என்றேன்.

"அது வேற எடத்துலேந்து வர்றதுமே. இது வேற எடத்துலேந்து வர்றது."

"எடம் வேறயா இருந்தா இன்னா, பூன ஒண்ணுதானே?"

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். உன்னைச் சிரிக்க வைத்ததே லாபம்தான். ஆனாலும் நான் விடவில்லை. பெருமாள் விரும்பி ஏற்கிற வாசனைக்குச் சொந்தமான பூனை, ஒரு மனுஷியின் மூக்கைத் திறக்காதா என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. படித்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

திருப்பதியில் நாம் தூள் வாங்கும் கடையில் கேட்டேன். அவர் காதில் வாங்காத மாதிரி பில் போட்டார். காய்கறி மார்க்கெட் பக்கத்துப் பெரிய கடையில் கேட்டேன். படம் போட்ட டப்பா ஒன்றை எடுத்துக் காட்டினார்கள், திறந்து காட்ட மாட்டேன் என்றார்கள். மூடிய டப்பாவை நம்பி ஏமாற நாம் என்ன புதுசா? கடைசியில், கால் கட்டுப் பிரிக்க வந்த டாக்ஸி டிரைவர்தான் வழி சொன்னார். மலையடிவாரத்துக்குப் போகும் ரோட்டில் இருக்கிற பெரிய ஓட்டலில் அந்தக் காபி உண்டு, வெளிநாட்டுக்காரர்களை இறக்கிவிடும்போது பார்த்திருக்கிறேன் என்றார்.

ஒரு புதன்கிழமை கடைக்கு லீவு விட்டு, மலைக்குப் போய்வரலாம் என்று உன்னை இழுத்துக்கொண்டு கிளம்பினேன். மேலே போனதும் பையை உன்னிடம் கொடுத்து, இதோ வருகிறேன் என்று கல்யாண கட்டாவுக்குள் நுழைந்தேன். உன் வாசனைக்காக முடி கொடுப்பதாக எப்போதோ வேண்டிக்கொண்டிருந்தேன். வேண்டியது நடந்த பிறகுதான் முடி கொடுப்பார்கள். எனக்குப் பொறுமை இல்லை. முதலில் கொடுத்துவிட்டால் சாமிக்கும் ஒரு கட்டாயம் இருக்கும் என்று நினைத்தேன். மொட்டைத் தலையில் சந்தனத்தைப் பூசிக்கொண்டு வெளியே வந்தவளைப் பார்த்து நீ பையைக் கீழே போட்டுவிட்டாய்.

"இன்னாமே பண்ணிக்கினு வந்துகீறே? யாருக்குமே?"

"உன் மூக்குக்குதான்."

"வேல முடியறதுக்கு முன்னாடியே யாராச்சும் கூலி குடுப்பாங்களா? பைத்தியமே!"

திட்டிக்கொண்டே உன் முந்தானையால் என் காதோரம் வழிந்த சந்தனத்தைத் துடைத்தாய். தரிசனம் முடிந்து மலை இறங்கும்வரை நீ அடிக்கடி திரும்பி என் தலையை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தாய்.

ஓட்டல் வாசலில் பழக்கத்தில் செருப்பைக் கழற்றப் போனேன். தொப்பிக்காரர் வேண்டாம் என்று தடுத்தார். உள்ளே குளிர். மெதுவாகப் பேசத் தெரியாத இருவர், அதில் ஒருத்தி மொட்டை. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கழுத்துப்பட்டை கட்டிய ஒரு தம்பி மரியாதையாக வந்து நின்றார். பூனைக் காபி வேண்டும் என்றேன். அவர் முகம் மாறாமல் அட்டையில் விலையைத் தொட்டுக் காட்டினார். நீ என் முழங்கையைக் கிள்ளினாய். பரவாயில்லை என்று சொல்லி உன்னை உட்கார வைத்தேன். கையிலிருந்த பணத்துக்கு ஒரு குடுவைக்குத்தான் வழி. அதில் சின்னக் கோப்பையில் இரண்டு வரும் என்றார்.

நம் கண் முன்னாலேயே போட்டார்கள். கண்ணாடிக் குடுவை, அடியில் சின்ன விளக்கு. தண்ணீர் கொதித்து மேலே ஏறித் தூளோடு கலந்து, விளக்கை அணைத்ததும் வடிகட்டி இறங்கியது. நீ எழுந்து குனிந்து பார்த்தாய். தொழில் தெரிந்தவள் இன்னொருவர் கைவேலையைப் பார்க்கிற பார்வை அது. பால் எங்கே என்று நான் கேட்டேன். "பாலு கலபகூடதம்மா" என்றார் அந்தத் தம்பி. இதில் பால் சேர்க்கக் கூடாதாம். கைப்பிடி இல்லாத இரண்டு கிண்ணங்களில் ஊற்றி வைத்துவிட்டு நகர்ந்தார்.

நான் என் கிண்ணத்தை எடுக்கக் கை நீட்டினேன். "இருமே" என்று நீ தடுத்தாய். முதலில் ஊற்றிய கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்தாய். எழுந்தாய். நான் என்ன ஏது என்று கேட்பதற்குள் அந்தப் பளிங்குத் தரையில் விடுவிடுவென்று வாசலுக்கு நடந்தாய். கண்ணாடிக் கதவைத் தள்ளி, ரோடு எங்கே என்று பார்த்தாய். ரோடு தூரத்தில் இருந்தது. பக்கத்தில் பூந்தொட்டி இருந்தது. முழுக் கிண்ணத்தையும் அதில் கவிழ்த்துவிட்டுக் கண்ணை மூடிக் கும்பிட்டாய்.

அந்தத் தம்பி, என்ன ஆயிற்று, நன்றாக இல்லையா என்று தெலுங்கில் கேட்டுக்கொண்டே உன் பின்னாலேயே ஓடினார். "ஏமயிந்தம்மா? பாகாலேதா?"

"பாகுந்தி நைனா, பாகுந்தி. மொதல்து சாமிக்கி."

நம் இரண்டு நாள் வியாபாரத்தில் பாதியைச் செடி குடித்துக்கொண்டிருந்தது. நான் தலையில் கை வைத்தேன். சந்தனம் கையில் ஒட்டியது. நீ ஒன்றும் நடக்காதது போல் வந்து உட்கார்ந்து, மிச்சமிருந்த ஒரே கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாய். "நீதான் மொட்ட போட்டே, நீ குடி" என்றாய். நான் உன் பக்கம் தள்ளினேன். கடைசியில் நீ எடுத்தாய். முகர்ந்தாய். ஒரு வாய் குடித்தாய். கண்ணை மூடிக்கொண்டாய். நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் நான் எதையும் அப்படிப் பார்த்ததில்லை, என் பிள்ளைகளின் பரீட்சை ரிசல்ட்டைக்கூட.

நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். "வந்துச்சிமே" என்றாய். "வாசன வந்துச்சி."

நான் அந்த இடத்திலேயே ஓவென்று அழுதேன். அந்தத் தம்பி கைதுடைக்கும் காகிதம் கொண்டுவந்து கொடுத்தார். கடைசி இரண்டு வாய் எனக்கு மிச்சம் வைத்தாய். உண்மையைச் சொல்கிறேன், அப்படி ஒன்றும் இல்லை. சிக்கரி இல்லாததால் தண்ணியாக இருந்தது, லேசாகப் புளிப்பு. நனைந்த மரக்கட்டை வாசனை கொஞ்சம். நம் கடைக் காபி பத்து மடங்கு மேல். ஆனால் உனக்கு மூக்கைக் கொடுத்த காபி, அதனால் சொட்டு விடாமல் குடித்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் நீ வழி முழுக்க வாசனை சொல்லிக்கொண்டு வந்தாய். "மல்லிப்பூ வாசன." "முன் சீட்டுல கமலா துன்றாங்க பாரு." "டீசல்." நான் பூரித்துப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தேன். பூக்காரி கண்ணெதிரே நின்றாள், கமலா உரிப்பது கண்ணெதிரே தெரிந்தது என்பதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. நம்ப வேண்டும் என்று முடிவு செய்தவளுக்கு எப்படித் தோன்றும்?

அதற்குப் பிறகு நான் புருவம் தூக்குவதை விட்டுவிட்டேன். நீயே பார்த்துக்கொண்டாய். தூளை முன்னைப்போல் கை போன போக்கில் போடாமல், கரண்டியால் அளந்து போட ஆரம்பித்தாய். ஏன் என்று கேட்டதற்கு வயசாகிவிட்டது என்றாய். சாப்பாட்டையும் என் எதிரில் முழுதாகச் சாப்பிட்டாய். என் தலைமுடி விரல் நீளம் வளர்ந்தது.

ஒரு நாள் எனக்கு முதல் பஸ் தவறிவிட்டது. அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கிக் கடையை நெருங்கினேன். பாதி தூக்கிய ஷட்டருக்கு வெளியே வரைக்கும் கேஸ் நாற்றம். அன்றைக்குத் தறிச் சத்தம் எனக்குக் கொடுத்த தொண்டைக்கு ஒரு கும்பிடு. "பத்த வெக்காத!" என்று நான் போட்ட கூச்சலில் எதிர்ச்சாரிக் கடைக்காரர்கள்கூட வெளியே வந்தார்கள். குனிந்து உள்ளே போனால், அடுப்பு முன்னால் லைட்டரும் கையுமாக நீ. சிலிண்டரை மூடி, உன்னை இழுத்து ரோட்டோரம் உட்கார வைத்தேன்.

"இந்த நாத்தம் உனுக்கு வரல?"

நீ லைட்டரைக் கீழே வைத்தாய்.

"எப்பலேந்து வரல?"

"எப்பவுமே வரலமே. அன்னிக்கும் வரல."

எனக்கு வந்த கோபத்தில் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அதில் பாதியை எழுத முடியாது. ஏன் பொய் சொன்னாய், ஏன் சொன்னாய் என்று உன் தோளைப் பிடித்து உலுக்கினேன். நீ நிதானமாகத் திரும்பி என்னைப் பார்த்தாய்.

"மொட்டத் தலய வச்சிக்கினு எதிர்ல குந்திக்கினு இருந்தே. சந்தனம் வேற. உம் மூஞ்சிய பாத்து வரலன்னு எப்பிடிமே சொல்லுவேன்?"

அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. உனக்கும் வந்தது. கட்டுப் போட வந்தவர்கள், ரோட்டோரம் இரண்டு பொம்பளைகள் அழுதுகொண்டே சிரிப்பதைப் பார்த்து நின்றார்கள். நீ செத்திருப்பாயே என்று நினைத்து நினைத்து அன்று முழுக்க நான் நடுங்கினேன். என் அவசரக் காணிக்கைதான் உன் வாயை அடைத்தது என்பது அதைவிடக் கசந்தது. அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. இப்போது கேட்கிறேன்.

அன்றைக்குச் சாயந்திரம் ஒப்பந்தம் போட்டோம். இனிமேல் பொய் கிடையாது. "நாத்தம்னா நாத்தம்னே சொல்லு" என்றாய். வருகிறவர்களிடம் நீயே, "எனுக்கு மூக்கு இல்ல சார், இவதான் என் மூக்கு" என்று சொல்லிச் சிரித்தாய். நாம் பயந்த மாதிரி ஒருவரும் கடையை விட்டுப் போகவில்லை. தினமும் மூடியைத் திறந்ததும், "சொல்லுமே" என்பாய். நன்றாக இருக்கிறது என்றால் உனக்குப் போதாது. எப்படி நன்றாக இருக்கிறது என்று கேட்பாய். வறுத்த கொத்தமல்லி மாதிரி, புது வேட்டி மாதிரி, ஈர விறகு மாதிரி என்று தேடித் தேடிச் சொல்வேன். நீ கண்ணை மூடிக் கேட்பாய். பிறகு ஒரு வாய் குடிப்பாய். ஓட்டலில் மூடிய மாதிரி இல்லை, முகம் இளகியிருக்கும். எனக்கு வேண்டியிருந்தது கிடைத்துவிட்டது, வேறு வழியாக.

போன ஆடியில் உனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. திருப்பதியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இருதயம் தளர்ந்துவிட்டது என்றார்கள். மூக்கில் குழாய் வைத்தார்கள். "வேலைக்கி ஆவாத மூக்குக்கு மரியாதய பாரு" என்றாய். அங்கேயும் தினம் காலையில், "சொல்லுமே." பினாயில், மாத்திரை, பக்கத்துக் கட்டிலில் உரிக்கிற சாத்துக்குடி, யாரோ வாந்தி எடுத்தது என்று ஒன்று விடாமல் சொன்னேன். ஒப்பந்தத்தை மீறவில்லை.

ஒன்பதாம் நாள், என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்மேல இன்னா வாசனமே?" என்று கேட்டாய்.

நான் குனிந்து உன் கழுத்தோரம் முகர்ந்தேன். நிமிர்வதற்குக் கொஞ்ச நேரமாயிற்று.

"காபி வாசன" என்றேன்.

நீ என் முகத்தை நன்றாகப் பார்த்தாய். "பொய்யி" என்றாய். பிறகு, "இருக்கட்டும்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாய். மறுநாள் நீ இல்லை.

கடையைத் திறந்துதான் வைத்திருக்கிறேன். முதல் டம்ளரை முழுதாகத்தான் ஊற்றுகிறேன், வயிறு எரிவதில்லை. மூடியைத் திறந்ததும் எப்படி மணக்கிறது என்று இன்னமும் வாய்விட்டுச் சொல்கிறேன். யாரிடம் பேசுகிறாய் என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வதில்லை. அன்று உன் கழுத்தோரம் என்ன வாசனை இருந்தது என்பது எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உனக்கும் சொல்ல மாட்டேன்.